அகதியாக பி.ஆர். பெற்றவர் இலங்கைக் கடவுச்சீட்டில் ஊருக்குப் போய்வரலாமா?

ஸ்காபரோவாசி:
வணக்கம். கனடாவில் அகதிக் கோரிக்கை ஏற்கப்பட்டு, அதன் வழியே நிரந்தர வதிவிட உரிமை (பி.ஆர்.) பெற்றவன் நான். யாழ்ப்பாணத்தில் அம்மா கடும் சுகயீனமுற்றிருக்கிறார். என்னிடமுள்ள அகதிப் பயண ஆவணம் இலங்கைக்குச் செல்லுபடியாகாது என்பதால், இலங்கைக் கடவுச்சீட்டைப் புதுப்பித்து இரண்டு கிழமை போய்வரும்படி நண்பர்கள் சொல்கிறார்கள். பி.ஆர். அட்டையும் விரைவில் காலாவதியாகிறது. இப்பயணத்தால் என் உரிமைக்குப் பாதிப்பு வருமா?

வடமராட்சியான்:
வரும். 2012 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தத்தின்படி, தன் நாட்டின் பாதுகாப்பை ஒருவர் விரும்பி மீண்டும் நாடினார் என்று கனடாவின் குடிவரவு, அகதிச் சபை தீர்மானித்தால், அகதி நிலையோடு பி.ஆர். உரிமையும் சேர்ந்தே பறிபோகும். மேன்முறையீடு கிடையாது, சமஷ்டி நீதிமன்றத்தில் மீளாய்வு கோரலாம், அவ்வளவுதான். கடவுச்சீட்டைப் புதுப்பிப்பதே அதற்கு முதற் சான்றாகிவிடும்.

கொழும்பான்:
எங்கள் சொந்தக்காரர் ஒருவர் பல தடவை போய்வந்தும் யாரும் எதுவும் கேட்கவில்லையே?

வடமராட்சியான்:
அவர் குடும்ப ஸ்பொன்சரில் வந்தவராக இருந்தால் இச்சட்டம் அவரைத் தொடாது. அகதியாக வந்தவரென்றால், இன்றுவரை கேட்கவில்லை என்பதை இனிமேலும் கேட்கமாட்டார்கள் என்று எடுத்துக்கொள்ள முடியாது. அகதி நிலையைப் பறிக்கும் வழக்குக்குக் காலவரம்பு இல்லை. குடியுரிமை விண்ணப்பத்துடன் கடவுச்சீட்டின் பக்கங்களைப் பிரதி எடுத்து இணைக்கும்போது கட்டுநாயக்கா விமான நிலைய முத்திரை அதிகாரியின் கண்ணில் படாமல் போகாது.

மொன்றியல் அக்கா:
தம்பி, 2022இல் சமஷ்டி மேன்முறையீட்டு நீதிமன்றம், பயணத்தின் நோக்கம், எடுத்துக்கொண்ட முன்னெச்சரிக்கைகள், விளைவைப் பயணம் செய்தவர் அறிந்திருந்தாரா என்பவற்றையெல்லாம் கருத்தில் கொள்ளவேண்டும் என்று தீர்ப்பளித்தது உண்மைதான். ஆனால் இந்தத் திரியை வாசித்த பிறகு, விளைவை அறியாமல் போனேன் என்று நீங்கள் சொல்ல இயலாது! அம்மாவால் பயணம் செய்ய முடியுமென்றால், அவரைத் திருச்சிக்கோ சென்னைக்கோ அழைப்பித்து அங்கே சந்திப்பதே நல்லது. அகதிப் பயண ஆவணத்துக்கு இந்தியா இ‑விசா தருவதில்லை. வழமையான விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும், ஆகவே நேரத்தோடு தொடங்குங்கள். அட்டை காலாவதியானாலும் உரிமை போய்விடாது. ஐந்தாண்டில் 730 நாட்கள் கனடாவில் இருந்தால் போதும். எனினும் செல்லுபடியாகும் அட்டையோ, வெளிநாட்டு விசா அலுவலகம் தரும் பி.ஆர். பயண ஆவணமோ இல்லாமல் கனடாவுக்கான விமானத்தில் ஏற்றமாட்டார்கள் என்பதால், புதிய அட்டை கைக்கு வந்தபின் ரிக்கெற் எடுங்கள்.

வடமராட்சியான்:
ஐந்தாண்டில் 1,095 நாட்கள் நிறைந்திருந்தால் குடியுரிமைக்கும் இப்போதே விண்ணப்பியுங்கள். குடிமகனான பிறகு இந்தச் சட்டப்பிரிவு உங்களைக் கட்டுப்படுத்தாது. அம்மாவால் ஊரைவிட்டு வர இயலாது என்றால், எதையும் செய்யுமுன் அகதிச் சட்டம் தெரிந்த சட்டத்தரணியைப் பாருங்கள்.