கரைத்துளை பார்த்துக் கைத்தறி கண்டுபிடிக்கும் அறிஞர்களுக்கு

தறிமேடை:
கனடாவில் இருக்கும் தம்பிக்குக் கைத்தறிச் சால்வை வாங்கவேண்டும், கொழும்பில் ஏமாறாமல் எப்படி வாங்குவது என்று நேற்று இங்கே ஒரு சகோதரி கேட்டிருந்தார். அதற்கு ஹம்டன் லேன் அண்ணை தீர்ப்பே எழுதிவிட்டார்: "துணியின் இரண்டு ஓரக் கரையிலும் ஊசித்துளை இருக்கிறதா பாருங்கள். இருந்தால் கைத்தறி, இல்லாவிட்டால் மெஷின். கடைக்காரன் வாயைப் பார்க்கத் தேவையில்லை."

இன்று காலை ஓர் அம்மா என் கடைக்கு வந்து, சால்வையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "துளை இல்லை, இது மெஷின்" என்று மேசையில் போட்டுவிட்டுப் போகிறார். அதை நெய்தது என் மாமி, கிழக்குக் கடற்கரையில் மருதமுனையில் எங்கள் வீட்டுத் தறியில்.

அண்ணை, அந்தத் துளை ஏன் வருகிறது தெரியுமா? குறுக்கே ஓடும் ஊடை நூல் இழுக்க இழுக்கத் துணி அகலத்தில் சுருங்கும். சுருங்கினால் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் ஓரத்தில் அச்சில், அதாவது நூலைப் பிரித்து வைக்கும் சீப்பில், உரசி அறும். அதற்காக நெய்த பகுதிக்குக் குறுக்கே ஒரு கம்பு கொடுத்து, அதன் இரண்டு நுனியிலும் உள்ள முள்ளால் கரையைப் பிடித்து வைப்போம். கொஞ்சம் நெய்ததும் கழற்றி முன்னால் மாற்றுவோம். அந்த முள் குத்திய இடம்தான் உங்கள் துளை. பவர்லூம் என்ற மெஷின் தறியிலும் இதே வேலைக்கு இரண்டு பக்கமும் முள் உருளை உண்டு, அதுவும் குத்தும். பிறகு என்ன சாட்சி அது?

ஹம்டன் லேன்:
தம்பி, கட்டுநாயக்கா ஆடைத் தொழிற்சாலையில் துணிச் சோதனை மேசையில் தலைமுடி நரைத்தவன் நான். முள் உருளை சுழல்கிறது, அதனால் பவர்லூம் துளை கரை நெடுக விடாமல் ஓடும். கைத்தறியில் கம்பை மாற்றி மாற்றிக் கொடுப்பதால் விட்டு விட்டு வரும். நான் சொன்னது அந்தத் துளை. வியாபாரம் குறைந்தால் பார்த்து வாங்குகிறவனில் கோபிக்கக் கூடாது.

தறிமேடை:
"விட்டு விட்டு" என்ற சொல் நேற்று நீங்கள் எழுதியதில் எங்கே இருக்கிறது? நான் மூன்று முறை வாசித்தேன். "துளை இருந்தால் கைத்தறி" என்று மட்டும்தான் இருக்கிறது. இன்றைக்குத்தான் விட்டு விட்டு வருகிறது.

ஹம்டன் லேன்:
தெரிந்தவனுக்குச் சொன்னால் விளங்கும் என்று நினைத்தேன்.

கொட்டாஞ்சேனை சாந்தி:
கேள்வி கேட்ட சகோதரி நான்தான். இரண்டு பேரும் சண்டையைக் கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொல்லுங்கள். என்னிடம் இருக்கும் சால்வையில் ஒரு கரையில் துளை இருக்கிறது, மறுகரையில் இல்லை. இது என்ன, பாதிக் கைத்தறியா?

மெயின் வீதி:
அக்கா, ஒரு கை மட்டும் உள்ளவர் நெய்திருப்பார் 😄

தறிமேடை:
சிரிக்கவேண்டாம் தம்பி. அக்கா, துளை ஒரு பக்கம் தெரிவதும் மறுபக்கம் தெரியாமல் இருப்பதும் சாதாரணம். நுண்ணிய நூல், நெருக்கமான நெசவு என்றால் துளை நிற்கும். கம்பளியோ தளர்ந்த நெசவோ என்றால் ஒரு தடவை தண்ணீரில் போட்டதும் நூல் நகர்ந்து துளை மூடிவிடும். என் மாமி நெய்த சால்வையை விற்பனைக்கு முன் அலசித்தான் அனுப்புவோம். எங்கே இருக்கும் துளை? அண்ணை சொல்கிறபடி பார்த்தால் அலசிய கைத்தறி மெஷினாக மாறிவிடுகிறது. அலசாத பவர்லூம் கைத்தறியாகிவிடுகிறது. இதுதான் கட்டுநாயக்கா விஞ்ஞானமா?

ஹம்டன் லேன்:
அலசித்தான் அனுப்புவோம் என்று எல்லாரும் சொல்லுவார்கள். துளை இல்லாததற்கு நல்ல சாட்டு.

பனிமலை:
என்ன இது, சால்வையைப் பற்றிப் பேசிக்கொண்டு பஷ்மினா என்ற பெயரே வராமல் இருக்கிறது? நான் ஸ்ரீநகர் போய் வாங்கியவன். அசல் சால்வைக்கு ஒரே சோதனைதான். மோதிரத்துக்குள் இழுத்தால் முழுச் சால்வையும் போகவேண்டும். துளை, கரை எல்லாம் சின்னச் சமாச்சாரம்.

தறிமேடை:
அல்லாஹ்! அடுத்த மகான் வந்துவிட்டார். தம்பி, பம்பலப்பிட்டிக் கடைகளில் தொங்குகிற, மரக்கூழில் செய்த விஸ்கோஸ் நூல் சால்வையும் மோதிரத்துக்குள் போகும். மெல்லிசாக, வழுக்கலாக இருந்தால் எதுவும் போகும். பஷ்மினா என்பது லடாக்கின் சாங்தாங் மேட்டு நிலத்து ஆட்டின் அடிமயிர். 12 முதல் 16 மைக்ரான் கனம். அதைச் சர்க்கா என்ற இராட்டையில் கையால் நூற்று, கையால் நெய்ததுக்குத்தான் 2008ல் காஷ்மீருக்குப் புவியியல் குறியீடு, அதாவது அந்த ஊர்ச் சரக்குக்கே உரிய பெயருரிமை, கொடுத்தார்கள். அது உண்மையா என்று பார்க்க ஸ்ரீநகரில் சோதனைக்கூடமே வைத்திருக்கிறார்கள். மோதிரம் போதும் என்றால் அவர்கள் ஏன் சோதனைக்கூடம் கட்டினார்கள்?

பனிமலை:
நான் அங்கேயே நெசவாளர் வீட்டில் வாங்கினேன். நீங்கள் புத்தகம் வாசித்துவிட்டுக் கதைக்கிறீர்கள்.

தறிமேடை:
நெசவாளர் வீட்டில் வாங்கினீர்கள், நல்லது. மெஷினில் நூற்கும்போது அந்த மயிர் தாங்காமல் அறும் என்று நைலான் கலந்து நூற்று, பிறகு அமிலத்தில் நைலானைக் கரைத்துவிடுகிறார்கள். அந்த நூலும் தறியில் ஏறுகிறது என்று அந்த வீட்டில் சொன்னார்களா? கேட்டிருக்க மாட்டீர்கள், மோதிரம் கையில் இருந்திருக்கும்.

மெயின் வீதி:
தறிமேடை நானா, எங்கள் பக்கத்தில் இரண்டாயிரம் ரூபாய்க்குப் பஷ்மினா கட்டுக்கட்டாக இருக்கிறது. லேபிளில் "100% பஷ்மினா" என்றே தைத்திருக்கிறது. ஆடு எவ்வளவு பாவம் 😄

கொட்டாஞ்சேனை சாந்தி:
இரண்டாயிரம் என்றால் எனக்கு ஒன்று எடுத்து வையுங்கள். தம்பிக்கு ஆட்டின் பிறந்த ஊர் தேவையில்லை, மொன்றியலில் குளிர் தாங்கினால் போதும்.

ஹம்டன் லேன்:
எரித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். விளிம்பில் ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டுங்கள். மயிர் தீய்ந்த மணம் வந்தால் கம்பளி, காகித மணம் வந்தால் விஸ்கோஸ் அல்லது பருத்தி, உருகி மணி போல இறுகினால் பொலியெஸ்டர். இதையும் தறிமேடை மறுக்கப் போகிறாரா?

தறிமேடை:
மறுக்கவில்லை. சரியான சோதனை. ஆனால் அது நூல் எது என்று சொல்லும், நெய்தது கையா மெஷினா என்று சொல்லாது. சாதாரணச் செம்மறிக் கம்பளியும் அதே மணம்தான், பட்டும் அதே மணம்தான். துளையை விட்டு நெருப்புக்கு ஓடுகிறீர்கள். துளைக்கு வாருங்கள் அண்ணை. மாமியின் சால்வையில் துளை இல்லை. அது மெஷினா? ஓம் அல்லது இல்லை.

புதியவன்:
எனக்கு ஒரு சந்தேகம். முதலில் கைத்தறி என்றால் என்ன என்று ஒரு வரையறைக்கு வருவோமா? இந்தியாவில் 1985ல் வந்த கைத்தறிச் சட்டத்தில், பவர்லூம் அல்லாத எந்தத் தறியும் கைத்தறி என்றுதான் இருக்கிறது. கைத்தறிக்கென ஒதுக்கிய பட்டியலில் சால்வையும் இருக்கிறது. துளை பற்றி அதில் எதுவும் இல்லை. அந்த வரையறையிலிருந்து தொடங்கினால்…

ஹம்டன் லேன்:
தறிமேடை, உமது மாமியின் சால்வையை நான் பார்த்ததில்லை. பாராமல் ஓம், இல்லை சொல்ல நான் சாத்திரியா? கரையைப் படமெடுத்துப் போடும்.

தறிமேடை:
பாராமல் சொல்லமுடியாது என்கிறீர்கள். ஆனால் நேற்று கொழும்பில் உள்ள எல்லாச் சால்வைக்கும் பாராமலே தீர்ப்புச் சொன்னீர்கள்.

மெயின் வீதி:
ஒரு உண்மை சொல்லவா? அண்ணையின் பதிவு போன் போனாகச் சுற்றுகிறது. இன்று எங்கள் புறக்கோட்டை மொத்தக்கடைக்கு வந்த ஒருவர் "துளை உள்ள சரக்கு இருக்கா" என்றே கேட்டார். முதலாளி என்னைப் பார்த்தார். குண்டூசிப் பெட்டி ஒன்று வாங்கினால் போதும் என்று நான் சொல்லவில்லை, மனசுக்குள் நினைத்தேன்.

தறிமேடை:
இதோ! இதைத்தான் சொல்கிறேன். சாட்சியைக் குண்டூசியால் உண்டாக்கலாம் என்றால் அது சாட்சியே இல்லை. அண்ணை, உங்கள் சோதனையைப் புறக்கோட்டை ஒரே நாளில் தோற்கடித்துவிட்டது.

ஹம்டன் லேன்:
குண்டூசித் துளைக்கும் தறித் துளைக்கும் வித்தியாசம் தெரியாதவனுக்கு நான் பொறுப்பில்லை. உமக்கு ஏன் இவ்வளவு சூடு என்று எனக்குத் தெரியும். என் மகளின் கலியாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டாருக்குக் கொடுக்க உம்மிடம் சால்வை சொல்லியிருந்தேன். கலியாணம் முடிந்த பிறகு பெட்டி வந்தது. அன்று நான் பேசியது உமக்கு இன்னும் மனதில் இருக்கிறது.

தறிமேடை:
அண்ணை, இதை நீங்களே இழுத்தீர்கள், நான் இழுக்கவில்லை. அது 2022. டொலர் இருநூறிலிருந்து முந்நூற்று அறுபதுக்குப் போன நேரம். பருத்தி நூல் இந்தியாவிலிருந்து வருவது, சாயமும் வெளியிலிருந்து வருவது. பெற்றோல் வரிசையில் லொறி நின்றது. நூல் இல்லாமல் எதை நெய்வது, காற்றையா? நீங்கள் முன்பணம் தரவில்லை. "உம்மை எனக்குத் தெரியும்தானே" என்றீர்கள். தெரிந்தவர்கள் என்பதால் நூல்காரன் எங்களுக்குக் கடன் தரமாட்டான்.

பெட்டி வந்தபிறகு அதில் பாதியைத் திருப்பி அனுப்பினீர்கள், "கரை சீராக இல்லை" என்று. கைத்தறியில் கரை கொஞ்சம் முன்பின் இருக்கும். சீரான கரை வேண்டுமென்றால் மெஷின் வாங்கியிருக்கலாம். அன்று கரை சீராக இல்லை என்று தள்ளியவர் இன்று கரையைப் பார்த்துக் கைத்தறி கண்டுபிடிக்கச் சொல்லித் தருகிறார்!

ஹம்டன் லேன்:
கரை சீரில்லை என்றால் சீரில்லைதான். கையால் நெய்தோம் என்பது கோணலுக்கு அனுமதிப் பத்திரம் இல்லை. நல்ல கைத்தறிக்காரன் கரை நேராகத்தான் வரும்.

கொட்டாஞ்சேனை சாந்தி:
அண்ணை, அது கொஞ்சம் சரியில்லை. கலியாணத்துக்குப் பிந்தி வந்ததுக்குத்தான் உங்களுக்குக் கோபம், கரைக்கு இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

ஹம்டன் லேன்:
உங்களுக்குத் தோன்றுவதை உங்களிடமே வைத்திருங்கள் தங்கச்சி. நேற்று எனக்கு நன்றி சொன்னவர் நீங்கள்தான்.

பனிமலை:
பருத்திச் சால்வையை வைத்து இவ்வளவு சண்டையா? காஷ்மீரில் கானி சால்வை என்று ஒன்று. ஊடை நூலைக் கொண்டு ஓடும் ஓடமே இல்லை, சின்னச் சின்ன மரக் குச்சிகளில் வண்ண நூல் சுற்றி, பூவுக்குப் பூ, வரிக்கு வரி கோத்து நெய்வார்கள். ஒன்று முடிய மாதக்கணக்கு. பெரிய வேலைப்பாடு என்றால் வருடத்தையும் தாண்டும். அதன் முன்னால் மற்றதெல்லாம் துவாய்.

தறிமேடை:
துவாயா? 2004 சுனாமி எங்கள் கரையில் தறியையும் ஆட்களையும் சேர்த்தே கொண்டுபோனது. அதற்குப் பிறகும் தறிக் குழிக்குள் இறங்கி மிதி மிதித்தவர்கள் நெய்தது, உங்களுக்குத் துவாய். 1977ல் அரசாங்கம் இறக்குமதியைத் திறந்துவிட்டபோது எத்தனை தறி நின்றது என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். எங்கள் ஊரில் தறிச் சத்தம் கேட்காத தெரு இருந்ததில்லை, இன்று தேடிப் போகவேண்டும். கானி நல்ல சரக்கு, நான் குறை சொல்லவில்லை. ஆனால் மோதிரத்தைக் கழற்றிவிட்டுப் பேசுங்கள்.

ஹம்டன் லேன்:
சுனாமியைக் கொண்டுவந்தால் துளை சரியாகிவிடுமா?

தறிமேடை:
துளையைக் கொண்டுவந்தது யார்?

புதியவன்:
பூ வேலைக்கு, துளையிட்ட அட்டைப்படி நூலைத் தூக்கும் ஜக்கார்ட் பெட்டி பூட்டிய கைத்தறியில் நெய்தால் அதுவும் கைத்தறிதானே? வரையறை இருந்தால்…

மெயின் வீதி:
பாவம் புதியவன். யாராவது அவருக்கு ஒரு சால்வை போர்த்துங்கள்.

ஹம்டன் லேன்:
ஜக்கார்ட் கைத்தறி இல்லை. அட்டை ஓட்டை பார்த்து நூலைத் தூக்குவது மெஷின் வேலை.

தறிமேடை:
1804ல் ஜக்கார்ட் என்ற பிரெஞ்சுக்காரர் அந்தப் பெட்டியைப் பூட்டியதே கைத்தறியில்தான் அண்ணை. மிதிப்பது மனிதக் கால், ஓடம் விடுவது மனிதக் கை. பனாரஸ் பட்டையும் மெஷின் என்று சொல்லப்போகிறீர்களா? உங்கள் அலமாரியில் அக்காவின் கூறைச்சேலை இருக்கும், போய் அதையும் மெஷின் என்று தள்ளிவிடுங்கள். பார்த்தீர்களா, எந்த ஓட்டையைக் கண்டாலும் உங்களுக்குத் தீர்ப்பு வந்துவிடுகிறது. அட்டையில் ஓட்டை இருந்தால் மெஷின், கரையில் ஓட்டை இருந்தால் கைத்தறி.

ஹம்டன் லேன்:
என் மனைவியின் சேலையை இதற்குள் இழுக்கவேண்டாம். மரியாதை தெரிந்து பேசும்.

தறிமேடை:
மரியாதையாகத்தான் அக்கா என்றேன். மாமியின் சால்வைக்குப் பதில் இன்னும் வரவில்லை.

ஹம்டன் லேன்:
படம் இன்னும் வரவில்லை.

தறிமேடை:
படம் போட்டால் "இது அலசியதா அலசாததா" என்பீர்கள். கடைக்கு வாருங்கள். மாமி அடுத்த கிழமை கொழும்பு வருகிறார், நேரே கேளுங்கள். கம்பையும் கொண்டுவரச் சொல்கிறேன், முள்ளைத் தொட்டுப் பார்க்கலாம்.

ஹம்டன் லேன்:
முன்பணம் கேட்கமாட்டீர் என்றால் வருகிறேன்.

கொட்டாஞ்சேனை சாந்தி:
தம்பி வெள்ளிக்கிழமை விமானம் ஏறுகிறான். நான் எதைத்தான் வாங்குவது?

மெயின் வீதி:
அக்கா, இரண்டாயிரம் சரக்கு எடுத்து வைத்திருக்கிறேன். துளை வேண்டுமா, வேண்டாமா?

தறிமேடை:
அக்கா, அவனிடம் வாங்காதீர்கள். பருத்திச் சால்வை மொன்றியல் குளிருக்குப் போதாது, அதை நானே சொல்கிறேன். கம்பளி பாருங்கள், ஒரு நூல் உருவி எரித்துப் பாருங்கள். கையா மெஷினா என்பதற்கு, துணியை விரித்து நூலின் கனம் இடத்துக்கிடம் எப்படி மாறுகிறது பாருங்கள், முன்பக்கமும் பின்பக்கமும் பாருங்கள், யார் நெய்தது, எந்த ஊர் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவனிடம் வாங்காதீர்கள். கரையை மட்டும் பார்க்காதீர்கள்.

ஹம்டன் லேன்:
கரையையும் பாருங்கள். விட்டு விட்டு வந்தால் கைத்தறி.