ஒரே ஒரு கணினி வகைக்கென்று நிறுவல் ஸ்கிரிப்ட் எழுதியவர்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

திருமங்கலத்தான்:

"எந்தக் கணினியிலும் ஓடும்" என்று பெருமையோடு வரும் லினக்ஸ் நிறுவல் ஸ்கிரிப்டுகளை, அதாவது இயங்குதளத்தைத் தானாக நிறுவும் கட்டளைக் கோப்புகளைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வருகிறது. கேள்வி கேட்காமல் வட்டை அழிப்பதில்தான் அவற்றின் கெட்டிக்காரத்தனம் முழுவதும் இருக்கிறது. ஒரு வகை இயந்திரத்துக்கு மட்டும் எழுதி, வேறெதிலும் ஓட மாட்டேன் என்று அடம்பிடிக்கும் ஸ்கிரிப்ட்தான் எனக்கு உதவியிருக்கிறது. உங்களில் யாராவது அப்படி எழுதியிருந்தால் சொல்லுங்கள். முதலில் என் கதை.

எங்கள் ஊரில் சில நண்பர்கள் சேர்ந்து பழைய மடிக்கணினிகளுக்கு டெபியன் என்ற லினக்ஸ் வகையைப் போட்டுப் பிள்ளைகளுக்குத் தருகிறோம். பாதிக்கு மேல் அரசு இலவசமாக வழங்கியவை. 2011-இல் அந்தத் திட்டம் தொடங்கியது. ஆரம்ப ஆண்டுகளில் வந்தவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. அண்ணன் படித்து முடித்து, தங்கை படித்து முடித்து, பரணுக்குப் போய்விட்ட பெட்டிகள். ஒரே ஆண்டில் ஒரே பள்ளியில் கொடுத்தவை அச்சு அசலாக ஒன்றுபோல இருக்கும். ஸ்கிரிப்ட் எழுத அதைவிட வேறென்ன வேண்டும்?

வட்டில் நிறுவாமலே லினக்ஸ் ஓடும் லைவ் பென் டிரைவில் பூட் செய்து, வட்டைப் பார்ட்டிஷன்களாகப் பிரித்து, டீபூட்ஸ்ட்ராப் என்ற கருவி மூலம் அடிப்படை அமைப்பை இறக்கி, அந்தப் புதிய அமைப்புக்குள் நுழைந்து (சீரூட்), கடைசியில் இயங்குதளத்தைத் தொடங்கிவைக்கும் பூட்லோடரான கிரப்பைப் போடுகிறது எங்கள் ஸ்கிரிப்ட். ஆனால் அதன் முதல் வேலை இதெல்லாம் இல்லை. கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) வன்பொருள் விவரங்களைக் காட்டும் சிஸ் கோப்பகத்தின் டிஎம்ஐ பகுதியில் இயந்திரத்தின் மாடல் பெயர் ஒரு சின்னக் கோப்பாக இருக்கிறது. அதைப் படிக்கிறது. எங்கள் பட்டியலில் உள்ள மாடல் இல்லையென்றால் ஒரு வரி சொல்லிவிட்டு நின்றுவிடுகிறது.

அடுத்தது வட்டு. பென் டிரைவிலிருந்து பூட் செய்யும்போது ஒரு பெட்டியில் ஹார்டு டிஸ்க் 'எஸ்டிஏ' ஆக இருக்கும், பக்கத்துப் பெட்டியில் பென் டிரைவ் அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டிருக்கும். கழற்றக்கூடிய சாதனமா என்று கர்னலைக் கேட்டால் போதும் என்று பலர் சொல்வார்கள். போதாது. யுஎஸ்பியில் செருகிய வெளி ஹார்டு டிஸ்கும் "கழற்றக்கூடியது அல்ல" என்றே பதில் சொல்லும். ஆகவே, சாதன அடையாளக் கோப்பகத்தில் 'ஏடிஏ' என்று தொடங்கும் பெயரை மட்டும் எடுக்கிறோம். அப்படி இரண்டு வட்டு தென்பட்டாலும் ஸ்கிரிப்ட் நின்றுவிடும்.

இன்னொன்று, தமிழ்ப் பயனர்களுக்கென்றே விதித்த தொல்லை. மொழியமைப்புப் பட்டியல் கோப்பில் அமெரிக்க ஆங்கிலத்துக்கான பெயர் 'புள்ளி யுடிஎஃப்-8' என்ற ஒட்டோடு இருக்கும். தமிழுக்கும் இந்திய ஆங்கிலத்துக்கும் பெயரில் அந்த ஒட்டு கிடையாது. இடைவெளி விட்டு யுடிஎஃப்-8 என்று மட்டும் வரும். இணையத்தில் கிடைக்கும் ஸ்கிரிப்டில் நாட்டுக் குறியை மட்டும் மாற்றி ஓட்டினால், உரையைத் தேடி மாற்றும் செட் கட்டளை, தான் தேடும் வரி கிடைக்காமல் ஒன்றையுமே மாற்றாது. ஆனாலும் வெற்றி என்றே திரும்பி வரும். நிறுவல் முடிந்து திரையைப் பார்த்தால் தமிழ் இருக்காது. மாற்றிய பிறகு அந்த வரி உண்மையிலேயே இருக்கிறதா என்று கிரெப் கட்டளையால் தேடிப் பார்ப்பதை இப்போது வழக்கமாக்கிவிட்டோம்.

வைஃபை பற்றியும் ஒரு சொல். டெபியன் 12, 2023-இல் வந்ததிலிருந்து நிறுவல் படிமத்திலேயே வைஃபை அட்டை போன்றவற்றுக்குத் தேவையான ஃபர்ம்வேர் கோப்புகள் சேர்ந்து வருகின்றன. டீபூட்ஸ்ட்ராப் வழியாகப் போகிறவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. கட்டற்றதல்லாத ஃபர்ம்வேர் பிரிவை, மென்பொருள் பொதிகளை எங்கிருந்து எடுப்பது என்று சொல்லும் மூலப் பட்டியலில் நாமேதான் எழுத வேண்டும்.

மேலூர் கணினி ஆசிரியர்:

நல்ல தொடக்கம். எங்கள் ஆய்வகத்தில் இருப்பவை மேசைக் கணினிகள். ஆகவே என் கதையில் வில்லன் மின்சாரம்.

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளிதழில் அறிவிப்பாக வந்துவிடும், அன்று வேலை வைத்துக்கொள்ள மாட்டோம். ஆடிக் காற்றில் சொல்லாமல் போகும் மின்சாரத்தை என்ன செய்வது? யுபிஎஸ் பேட்டரிகள் பேருக்குத்தான் இருக்கின்றன. அதனால் ஸ்கிரிப்டைக் கட்டம் கட்டமாகப் பிரித்தேன். ஒரு கட்டம் முடிந்ததும் புதிய வட்டில் ஒரு வெற்றுக் கோப்பைக் குறியாக வைக்கும். மறுபடி மின்சாரம் வந்து ஓட்டினால் குறி இருக்கும் கட்டங்களைத் தாண்டிப் போகும். இதில் வரிசை முக்கியம். முதலில் சிங்க் (நினைவகத்தில் நிற்பதை வட்டில் எழுதவைக்கும் கட்டளை), பிறகுதான் குறி, பிறகு இன்னொரு சிங்க். குறி முதலில் வட்டுக்குப் போய், அது சாட்சி சொல்லும் தரவு இன்னும் நினைவகத்திலேயே நிற்கும் நேரத்தில் மின்சாரம் போனால், ஸ்கிரிப்ட் மனசாட்சியே இல்லாமல் பொய் சொல்லும்.

இரண்டாவது வில்லன் மதர்போர்டில் இருக்கும் பட்டன் பேட்டரி. சிஆர்2032. கோடை விடுமுறை முழுவதும் அணைந்து கிடந்த கணினிகளில் அது செத்துப்போயிருக்கும். பூட் செய்தால் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னால் நிற்கும். பொதிகளை இறக்கும் ஆப்ட் கட்டளை, வெளியீட்டுக் கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை என்று மறுத்துவிடும். எச்டிடிபிஎஸ் தளங்களும் சான்றிதழ் சரியில்லை என்று கதவைச் சாத்தும். பிள்ளைகள் இணையத்தைக் குறை சொல்வார்கள், இணையத்தைப் பார்க்க வருபவர் கேபிளைக் குறை சொல்வார். ஸ்கிரிப்டில் நான் சேர்த்தது ஒரு சின்ன நிபந்தனை: கணினியின் தேதி ஸ்கிரிப்ட் கோப்பின் தேதியைவிடப் பழையதாக இருந்தால், கோப்பின் தேதியையே கடிகாரத்துக்குக் கொடுத்துவிடு. துல்லியமான நேரம் பிறகு வலையிலிருந்து வந்துகொள்ளட்டும்.

பொதிகளை ஒவ்வொரு கணினியும் தனித்தனியாக இறக்கினால் எங்கள் இணைப்பு தாங்காது. ஆசிரியர் மேசைக் கணினியில் இறக்கிய பொதிகளைச் சேமித்து வைக்கும் ஆப்ட்-கேச்சர்-என்ஜி ஓடுகிறது. முதல் கணினி இறக்கியதையே மற்றவை 3142 என்ற போர்ட்டில் வாங்கிக்கொள்கின்றன.

புதூர் சர்வீஸ் கடை:

ஆசிரியர் சார், திருமங்கலம் தம்பி, கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒரே மாதிரிக் கணினி என்று நீங்களே சொல்கிறீர்கள். ஒன்றில் ஒழுங்காக நிறுவி, வட்டை அப்படியே நகலெடுத்து மற்றவற்றில் இறக்கினால் வேலை முடிந்தது. ஸ்கிரிப்ட் எழுதி, திருத்தி, மறுபடி திருத்தி, அதற்குள் நான் கடையை அடைத்துவிட்டு ஜிகர்தண்டா குடித்துக்கொண்டிருப்பேன்.

மேலூர் கணினி ஆசிரியர்:

நகலெடுக்கலாம், யார் வேண்டாம் என்றது? எங்களுக்கு முன்னால் இருந்தவர் அப்படித்தான் செய்துவிட்டுப் போனார். நகலில் இயந்திர அடையாள எண்ணும் அப்படியே போகிறது. லினக்ஸின் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் வலைப் பகுதி அந்த எண்ணை வைத்துத்தான், ஐபி முகவரி வழங்கும் டிஎச்சிபியிடம் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறது. ஆய்வகத்தில் எல்லாக் கணினியும் ஒரே ஐபி முகவரியைக் கேட்டு அடித்துக்கொண்டன. தொலை இணைப்பில் கணினியை அடையாளம் காட்டும் எஸ்எஸ்எச் சாவிகளும் ஒன்றே. அந்தக் கோப்புகளை நகலுக்குப் பிறகு அழித்து மறுபடி உருவாக்க வேண்டும். அதற்கும் ஒரு ஸ்கிரிப்ட் எழுதத்தானே வேண்டும்?

புதூர் சர்வீஸ் கடை:

அது சரிதான். இயந்திர எண் விஷயத்தை நான் கவனித்ததில்லை. வீட்டுக்கு ஒன்றாகப் போகிற கணினிகள் என்பதால் எனக்கு மோதியதில்லை.

வலையங்குளம் விவசாயி:

எங்களுடையது கணினியே இல்லை, உள்ளங்கை அளவு போர்டு. மல்லிகைத் தோட்டத்துச் சொட்டுநீர் மோட்டாருக்கு. மும்முனை மின்சாரம் எப்போது வரும் என்று பார்த்து, ரிலே வழியாக ஸ்டார்ட்டரைத் தட்டிவிட வேண்டும். ஆல்வின்னர் எச்3 சிப் உள்ள போர்டு, அதில் ஆல்பைன் லினக்ஸ். ஆல்பைனின் நிறுவியே ஷெல் ஸ்கிரிப்ட்தான். கேள்விகளுக்குப் பதில்களை ஒரு கோப்பில் எழுதிக் கொடுத்துவிட்டால் கேட்காமல் போய்க்கொண்டே இருக்கும். அமைப்பு முழுவதும் நினைவகத்தில் ஓடுகிறது, நாம் எல்பியு கமிட் என்ற சேமிப்புக் கட்டளை கொடுத்தால் மட்டுமே மெமரி கார்டில் எழுதுகிறது. மின்சாரம் போய் வருகிற இடத்தில் கார்டு பிழைத்திருக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

கஷ்டம் கார்டைத் தயாரிப்பதில். இந்தச் சிப்பின் பூட் ரோம் (மின்சாரம் வந்ததும் முதலில் ஓடும் நிரல்), கார்டின் தொடக்கத்திலிருந்து 8 கிலோபைட் தள்ளிப் பூட்லோடரைத் தேடும். 512 பைட் செக்டார் கணக்கில் 16-ஆம் செக்டார். ஜிபிடி முறையில் பிரித்தால் பார்ட்டிஷன் அட்டவணை 33-ஆம் செக்டார் வரை உட்கார்ந்திருக்கிறது. அதாவது பூட்லோடரை எழுதினால் அட்டவணை காலி; அட்டவணையைச் சரிசெய்தால் பூட்லோடர் காலி. இணையத்தில் ஒருவர் போட்டிருந்த ஸ்கிரிப்ட் ஜிபிடியில்தான் பிரித்தது. ஒவ்வொரு முறையும் போர்டு பிணம்போலக் கிடந்தது. பழைய எம்பிஆர் முறை முதல் செக்டாரோடு நின்றுவிடும், அதில் சண்டை இல்லை.

அதே ஸ்கிரிப்டில் இன்னொரு வேடிக்கை. யுஎஸ்பி ரீடரில் செருகினால் கார்டின் பெயர் 'எஸ்டிபி' (sdb), முதல் பார்ட்டிஷன் 'எஸ்டிபி1'. அதே கார்டை மடிக்கணினியின் கார்டு துளையில் செருகினால் பெயர் பூஜ்யத்தில் முடியும். அப்போது பார்ட்டிஷன் எண்ணுக்கு முன் 'பி' (p) என்ற எழுத்து நுழைய வேண்டும். அந்த ஸ்கிரிப்டுக்கு இது தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு கடைசியில் 1 சேர்த்தது. அப்படி ஒரு சாதனம் இல்லையென்று, படிமத்தை எழுதும் டிடி கட்டளை கத்தியதா? இல்லை. சாதனக் கோப்பகத்தில் அந்தப் பெயரில் ஒரு சாதாரணக் கோப்பை உருவாக்கி, படிமம் முழுவதையும் அதில் எழுதிவிட்டு, இத்தனை பைட் நகலெடுத்தேன் என்று சாவகாசமாகச் சொன்னது. அந்தக் கோப்பகம் இருப்பது நினைவகத்தில். மடிக்கணினி மூச்சுத் திணறியது, கார்டு வெள்ளைக் காகிதம். எழுதுவதற்கு முன் அது வட்டு, கார்டு போன்ற பிளாக் சாதனம்தானா என்று டெஸ்ட் கட்டளையில் ஒரு 'மைனஸ் பி' (-b) போட்டிருந்தால் முடிந்திருக்கும். என்விஎம்இ வட்டுகளுக்கும் பார்ட்டிஷன் எண்ணுக்கு முன் வரும் அதே 'பி' (p) விதிதான்.

உசிலம்பட்டி:

மலிவு டேப்லெட் ஒன்று, ஆட்டம் இசட்3735எஃப் சிப். பிராசஸர் 64 பிட், கணினியை முதலில் எழுப்பும் ஃபர்ம்வேரோ 32 பிட். வழக்கமான 64 பிட் பூட்லோடரைப் போட்டால் கண்டுகொள்ளவே இல்லை. லைவ் அமைப்பை ஏற்றிவிட்டால் ஈஎஃப்ஐ கோப்பகத்தில் ஃபர்ம்வேரின் அளவு 32 என்றோ 64 என்றோ ஒரு கோப்பில் எழுதியிருக்கிறது. அதைப் பார்த்து எந்தக் கிரப் என்று முடிவுசெய்யும் நாலு வரி எழுதினேன். வேறு கதை இல்லை.

சிம்மக்கல் அச்சகம்:

எல்லோரும் லினக்ஸ் பேசுகிறீர்கள், நான் ஓபன்பிஎஸ்டி என்ற வேறு இயங்குதளம். அச்சகத்தின் ரூட்டர் ஏபியு2 என்ற சிறிய போர்டில் ஓடுகிறது. திரை கிடையாது, சீரியல் போர்ட் மட்டும். அனுப்பும், வாங்கும் கம்பிகளை மாற்றிப் பிணைத்த நல் மோடம் கேபிள் வேண்டும், சாதாரண சீரியல் கேபிள் உதவாது. டவுன்ஹால் ரோட்டில் கடைக்காரருக்கு இதை விளக்கிப் புரியவைப்பதே தனி அனுபவம்.

போர்டு பேசுவது 115200 வேகத்தில். ஓபன்பிஎஸ்டி தானாக எடுத்துக்கொள்வது 9600. ஆகவே போர்டின் தொடக்கச் செய்திகள் அழகாக வரும், பிறகு திரையில் குப்பை கொட்டும். போர்டு கெட்டுவிட்டது என்று திருப்பிக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். பூட் வரியில் வேகத்தையும் கன்சோலையும் சொல்லிவிட்டால் ஆயிற்று, பூட் அமைப்புக் கோப்பில் எழுதி வைத்தால் ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டியதில்லை.

நான் சொல்ல வந்தது வேறு. ஓபன்பிஎஸ்டியின் நிறுவி முழுவதும் கார்ன் ஷெல் ஸ்கிரிப்ட். சில ஆயிரம் வரி, எடுத்துப் படிக்கலாம். 5.5 பதிப்பு 2014-இல் வந்ததிலிருந்து பதில் கோப்பு கொடுத்துத் தானாக நிறுவும் வசதியும் இருக்கிறது. வலையிலிருந்து எடுக்கும்போது, அந்த இயந்திரத்தின் வலை அட்டைக்குரிய மேக் முகவரியைப் பெயராகக் கொண்ட பதில் கோப்பைத்தான் முதலில் தேடும். திருமங்கலத்தான் கேட்ட "இந்த இயந்திரத்துக்கு மட்டும்" என்பது அதிலேயே இருக்கிறது. 6.6-இலிருந்து பதிப்பு உயர்த்துவதற்கும் சிஸ்அப்கிரேடு என்று ஒரு ஸ்கிரிப்ட் வந்துவிட்டது. சொந்தமாக ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்கள் அந்த நிறுவியை ஒருமுறை படியுங்கள். தவறான பதில் கொடுத்தால் எப்படி மறுபடி கேட்கிறது என்பதை மட்டும் பார்த்தாலே போதும்.

வலையங்குளம் விவசாயி:

அச்சகத்து அண்ணன், சீரியல் போர்ட்டுக்கு யுஎஸ்பி மாற்றி போதுமா, அல்லது பழைய கணினி தேட வேண்டுமா?

சிம்மக்கல் அச்சகம்:

மாற்றி போதும். மறுமுனையில் நல் மோடம் கேபிள் இருந்தால் சரி. உங்கள் மல்லிகை போர்டுக்கு இந்த மாற்றியைச் செருகிவிடாதீர்கள். அதன் பின்களில் 3.3 வோல்ட், இது அதைவிட உயர்ந்த ஆர்எஸ்-232 மின்னழுத்தம், எரித்துவிடும். அதற்கு டிடிஎல் மாற்றி தனியாகக் கிடைக்கும்.

புதூர் சர்வீஸ் கடை:

திருமங்கலம் தம்பி, ஒரு சந்தேகம். மாடல் பெயரைச் சரிபார்க்கிற உங்கள் வழியை இன்று கடையில் முயன்றேன். அசெம்பிள் செய்த கணினியில் மாடல் பெயர் இருக்க வேண்டிய கோப்பில், "தயாரிப்பாளர் நிரப்ப வேண்டியது" என்ற பொருளில் ஓர் ஆங்கில வாசகம்தான் வருகிறது. வேறு கம்பெனி போர்டு போட்ட இன்னொரு பெட்டியிலும் அதே வாசகம். இதை நம்பி எப்படி வட்டை அழிப்பது?

திருமங்கலத்தான்:

நம்பாதீர்கள் அண்ணன். அதே கோப்பகத்தில் மதர்போர்டின் பெயர் தனிக் கோப்பாக இருக்கும், அதைப் பெரும்பாலும் நிரப்பியிருப்பார்கள். அதோடு எல்எஸ்பிசிஐ கட்டளை காட்டும் வலை அட்டையின் எண்ணையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டும் பொருந்தினால் மட்டும் போகட்டும். அந்த ஆங்கில வாசகம் வந்தால் ஸ்கிரிப்ட் உடனே நிற்கும்படி எங்களுடையதிலும் இன்றைக்கே ஒரு வரி சேர்த்துவிடுகிறேன்.