கல்யாணப் படங்களுக்கு டீநாய்ஸ்: எந்த கிராபிக்ஸ் கார்டு வாங்கலாம்?

செட்டிநாட்டுக் கேமரா:
காரைக்குடியில் 11 வருடமாகக் கல்யாணப் படம் எடுத்து வருகிறேன். கிராபிக்ஸ் கார்டு மாற்ற வேண்டும். பணத்தைப் போட்டுவிட்டுத் தவிக்கக் கூடாது என்பதால் கொஞ்சம் விவரமாகவே கேட்கிறேன்.

எனக்கு வரும் கல்யாணங்களில் பாதிக்கு மேல் பழைய வீடுகளில்தான் நடக்கும். விடியற்காலையில் வீட்டின் உட்பகுதியான வளவுக்குள் முற்றத்திலிருந்து கொஞ்சம் வெளிச்சம், மஞ்சள் பல்பிலிருந்து கொஞ்சம், அவ்வளவுதான். திருப்பூட்டும் (தாலி கட்டும்) நேரத்தில் முகத்துக்கு நேரே ஃப்ளாஷ் அடிக்க எனக்கு மனசு வராது. அதனால் கேமராவின் ஒளி உணர்திறனை (ஐஎஸ்ஓ) 6400-க்கு ஏற்றிவிடுவேன். படத்தைப் பெரிதாக்கினால் கழுத்திருவின் (நகரத்தார் தாலி நகை) தங்க வேலைப்பாட்டின் மேல் பச்சையும் ஊதாவுமாகப் புள்ளிகள், அதாவது நாய்ஸ். பழைய நாய்ஸ் ஸ்லைடரை இழுத்தால் புள்ளி போகிறது, கூடவே வேலைப்பாடும் மெழுகு பூசினது போல் மழுங்கிவிடுகிறது. அடோபியின் படத்திருத்த மென்பொருளான லைட்ரூம் கிளாசிக்கில் 2023 ஏப்ரலில் வந்த, ஏஐ மூலம் புள்ளி நீக்கும் டீநாய்ஸ் மட்டும்தான் தங்கத்தைத் தங்கமாகவே விட்டுவைக்கிறது.

ஆனால் என் மெஷினில் ஒரு படத்துக்கு 5 நிமிடம் ஆகிறது. ஆல்பத்துக்குத் தேர்ந்தெடுப்பது 300 படம். கணக்குப் போட்டால் 25 மணி நேரம். போதாததற்கு, வேண்டாத படங்களைப் பார்த்துக் கழிக்கும்போதும் அடுத்த படம் தெளிவாக வர மூன்று நான்கு நொடி இழுக்கிறது.

என் மெஷின்: ரைசன் 5 2600 ப்ராசஸர், பி450 போர்டு, 16 ஜிபி ராம், ஜிடிஎக்ஸ் 1050 டிஐ 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு. கேமரா 24 மெகாபிக்சல். 35,000 ரூபாய் வரை முடியும். என்ன வாங்கலாம்?

ராத்திரி எடிட்டர்:
அண்ணா, மதுரையிலிருந்து. ஸ்டுடியோக்களுக்கு எடிட்டிங் செய்து கொடுப்பதுதான் என் தொழில். நீங்கள் சொல்வது ஒரே வியாதி இல்லை, இரண்டு வியாதி. டீநாய்ஸ் முழுக்க கிராபிக்ஸ் கார்டு வேலை. 1050 டிஐ 2016-இல் வந்த கார்டு, அதில் ஏஐ கணக்குகளை வேகமாகப் போடும் டென்சர் கோர் கிடையாது. ஜிஃபோர்ஸ் கார்டுகளில் டென்சர் கோர் வந்ததே 2018-இல் ஆர்டிஎக்ஸ் வரிசையோடுதான். எந்த ஆர்டிஎக்ஸ் போட்டாலும் அந்த 5 நிமிடம் நொடிக்கணக்குக்கு இறங்கிவிடும். என் ஆர்டிஎக்ஸ் 3060 கார்டில் உங்களுடையது மாதிரி 24 மெகாபிக்சல் படத்துக்கு 20 நொடி சுமாராக ஆகிறது.

படம் பார்த்துக் கழிக்கும்போது இழுப்பது கார்டால் அல்ல என்று நினைக்கிறேன். இன்று ராத்திரி டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்து பாருங்கள். அப்புறம், லைட்ரூமின் கேட்டலாக் (படங்களின் விவரங்களை வைத்திருக்கும் ஃபைல்) எந்த டிஸ்க்கில் இருக்கிறது?

திருச்சி அசெம்ப்ளர்:
கார்டு பற்றிப் பேசுவதற்கு முன் பவர் சப்ளையைப் பாருங்கள் சார். 1050 டிஐ பெரும்பாலும் போர்டிலிருந்தே கரண்ட் எடுத்துக்கொள்ளும். 3060-க்கு 170 வாட், 4060-க்கு 115 வாட். இரண்டுக்குமே தனி 8 முனை ஒயர் வேண்டும். ஹார்டு டிஸ்க் ஒயரிலிருந்து மாற்றி கனெக்டர் போட்டுச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உருகிப்போன கனெக்டரை என் கையாலேயே பிடுங்கி எடுத்திருக்கிறேன்.

செட்டிநாட்டுக் கேமரா:
தம்பி சொன்னபடியே பார்த்தேன். டீநாய்ஸ் ஓடும்போது கார்டு 100 சதவீதம். படம் பார்த்துக் கழிக்கும்போது கார்டு 10-ஐக்கூடத் தொடவில்லை, ராம் 14.8 ஜிபி, டிஸ்க் 100 சதவீதம். கேட்டலாக், ப்ரிவ்யூ இரண்டும் பழைய ஹார்டு டிஸ்க்கில் கிடந்தன. அன்றைக்கே எஸ்எஸ்டி-க்கு மாற்றிவிட்டேன். அந்த இழுவை முக்கால்வாசி போய்விட்டது, ஒரு ரூபாய் செலவில்லாமல்.

கேபினெட் மூடியைக் கழற்றியும் பார்த்தேன். சப்ளையில் 450 வாட் ஸ்டிக்கர். கார்டுக்கான ஒயர் 6 முனையில் ஒன்றே ஒன்று, டேக் கூட அவிழ்க்காமல் மூலையில் சுருண்டு கிடக்கிறது. டேப் வைத்து அளந்தேன், கார்டு உட்கார 27 செ.மீ. இடம் இருக்கிறது.

3060-ஆ, 4060-ஆ? பழைய 3060 ஒன்று 14,000-க்கு வருகிறது, அதை வாங்கலாமா?

திருச்சி அசெம்ப்ளர்:
பில்லும் வாரண்டியும் இல்லாமல் பழைய கார்டு வேண்டாம் சார். இரண்டு வருடம் இரவு பகலாகக் கிரிப்டோ மைனிங்கில் ஓடியதா என்று வெளியே பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. உங்களுக்கு இது சோறு போடுகிற மெஷின்.

உங்கள் போர்டு பிசிஐஇ 3.0. அந்த ஸ்லாட்டின் டேட்டா பாதைகளில் (லேன்) 4060 எட்டைத்தான் பயன்படுத்தும், 3060 பதினாறையும் பயன்படுத்தும். ஆனால் டீநாய்ஸில் அது பெரிய வித்தியாசம் காட்டாது. போட்டோஷாப்பையும் சேர்த்துத் திறந்து வைப்பவர் என்றால் நினைவகம் அதிகம் உள்ள 3060 12 ஜிபி-யையே நான் சொல்வேன். ஒன்று மட்டும் கவனம்: 3060 என்ற பெயரிலேயே 8 ஜிபி கார்டும் உண்டு, அதன் நினைவகப் பாதை குறுகல், 128 பிட்தான். பெட்டியில் 12 ஜிபி, 192 பிட் என்று படித்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். உங்கள் 6 முனை ஒயர் போதாது, எனவே கூடவே 8 முனை ஒயர் உள்ள நல்ல 550 வாட் சப்ளை.

ராத்திரி எடிட்டர்:
மீதி பணம் இருந்தால் ராமை 32 ஆக்கிவிடுங்கள் அண்ணா. கார்டுக்குக் கேம் டிரைவர் வேண்டாம், ஸ்டுடியோ டிரைவர் போடுங்கள். வேண்டாத படங்களைக் கழித்த பிறகு மிஞ்சும் படங்களை மட்டும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து டீநாய்ஸை ஓட விடுங்கள்.

செட்டிநாட்டுக் கேமரா:
3060 12 ஜிபி, 550 வாட் சப்ளை இரண்டும் வாங்கி மாட்டியாகிவிட்டது. ராம் அடுத்த மாதம். நேற்று 300 படத்தையும் தேர்ந்தெடுத்து ஓடவிட்டுச் சாப்பிடப் போனேன். 1 மணி 50 நிமிடத்தில் முடிந்திருந்தது. கழுத்திருவில் ஒவ்வொரு உருவும் தனித்தனியாகத் தெரிகிறது. தம்பிக்கும் திருச்சி நண்பருக்கும் மனமார்ந்த நன்றி. கழுத்திரு தெரியும் ஒரு படத்தைப் பெரிய பிரேமுக்குப் பிரிண்ட் போட இன்று காலை லேபுக்கு அனுப்பிவிட்டேன்.