‘ஃபாஸ்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லோடு ஏற்பட்ட அனுபவங்கள்

திருப்பூரிலிருந்து, ஏற்றுமதி நிறுவன ஊழியர்:

கல்லூரிப் படிப்பை முடித்து, திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக (ஆர்டர்களைக் கவனிப்பவராக) சேர்ந்த இரண்டாவது மாதத்தில் நேர்ந்ததை எழுதுகிறேன். இதே சொல் வேறு யாரையேனும் இடறியிருந்தால், அவர்களும் எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

கருநீலமும் வெள்ளையும் மாறி மாறி வரும் கோடு போட்ட டீ-ஷர்ட் ஆர்டர் அது. பையர் (சரக்கை வாங்கும் நிறுவனத்தார்) அனுப்பிய மின்னஞ்சலில் ‘ஆர் த கலர்ஸ் ஃபாஸ்ட்?’ என்று ஒரு வரி இருந்தது. அந்தச் சொல்லுக்கு வேகம் என்பதைத் தவிர வேறு பொருள் அறியாத நான், சாயப்பட்டறையில் வேலை விரைவாக நடக்கிறதா என்று கேட்கிறார்கள் என எண்ணிக்கொண்டு, பத்து நாட்களுக்குள் சாயமேற்றி முடித்துவிடுவோம் என்று பதில் எழுதினேன். மறுநாளே அதே கேள்வி, சோதனை அறிக்கையும் வேண்டும் என்ற குறிப்புடன் திரும்பி வந்தது.

அச்சிட்ட தாளை எடுத்துக்கொண்டு எங்கள் டையிங் மாஸ்டரிடம் போனேன். முப்பது ஆண்டுகளாகச் சாயத்தொட்டியின் அருகிலேயே நிற்பவர் அவர். படித்துப் பார்த்துவிட்டு, “கண்ணு, அவங்க வேகத்தைக் கேக்கலை. சாயம் கெட்டியா நிக்குமான்னு கேக்கறாங்க. தொவைக்கறப்ப வெள்ளைக் கோட்டுல நீலம் எறங்குச்சுன்னா சரக்கு அப்படியே திரும்பி வந்துரும்” என்றார்.

அன்று முழுவதும் அவர் எனக்குப் பாடம் சொன்னார். பருத்தி நூலில் ரியாக்டிவ் சாயம் ஏறும்போது ஒரு பகுதி இழையோடு வேதிப்பிணைப்பாகப் பிணைகிறது. மீதமுள்ள பகுதி தண்ணீரோடு வினைபுரிந்து, பிணையும் திறனை இழந்து, இழையின் மேல் வெறுமனே ஒட்டிக்கொண்டிருக்கிறது. கொதிநிலைக்கு அருகே சூடேற்றிய நீரில் சோப்பிங் (சோப்புக் கரைசலில் அலசுதல்) செய்து அந்த மிச்சத்தைக் கழுவி எடுத்தால்தான் சாயம் ‘ஃபாஸ்ட்’ ஆகும். ஷிப்மென்ட் நெருங்குகிறதே என்று சோப்பிங்கைச் சுருக்கினால் துணி சீக்கிரம் வெளியே வரும், ஆனால் சாயம் நிற்காது. ஒரு பொருளில் ஃபாஸ்ட்டாக வேலை செய்தால் மற்றொரு பொருளில் ஃபாஸ்ட் கெட்டுப்போகும் என்பதை, நான் அகராதியில் அல்ல, சாயத்தொட்டியின் பக்கத்தில் கற்றேன்.

சென்னிமலையிலிருந்து, கைத்தறி நெசவுக் குடும்பத்தைச் சேர்ந்தவர்:

உங்கள் மாஸ்டர் சொன்ன ‘கெட்டி’ என்ற சொல்லைப் படித்ததும் எனக்கு எங்கள் அப்பத்தாவின் நினைவு வந்தது. பெட்ஷீட் வாங்க வருபவர்கள் “ஏனுங்க, கெட்டிச் சாயமுங்களா?” என்று கேட்பார்கள், அவர் ஒரு முனையை நனைத்து, வெள்ளைத் துணியில் வைத்து அழுத்தித் தேய்த்துக் காட்டுவார். நனைத்துத் தேய்க்கும் அந்தச் சோதனைக்கு ஆய்வகத்தில் ‘ரப்பிங் ஃபாஸ்ட்னெஸ்’ என்று பெயர் இருப்பதை, நான் ஜவுளித் தொழில்நுட்பப் பட்டயம் படித்தபோதுதான் தெரிந்துகொண்டேன்.

பெருந்துறையிலிருந்து, ஆய்வக நுட்பநர்:

காசநோய் மருத்துவமனையான சானடோரியத்தால் பெயர் பெற்ற ஊர் எங்களுடையது. ஆகையால் இந்தச் சொல்லை நான் சந்தித்த இடம் ஜவுளி அல்ல, சளிப் பரிசோதனை. காசநோய்க் கிருமியை ‘ஆசிட்-ஃபாஸ்ட் பேசில்லை’ என்று சொல்வார்கள்; அறிக்கைகளில் ஏ.எஃப்.பி. என்று சுருக்கமாக இருக்கும். பயிற்சிக்கு வரும் மாணவர்களில் பலர், அமிலத்தில் வேகமாக வளரும் கிருமி என்று அதற்குப் பொருள் கொள்கிறார்கள். நானும் மாணவனாக இருந்தபோது தேர்வுத் தாளில் அப்படித்தான் எழுதி மதிப்பெண் இழந்தேன்.

உண்மையில் வேகத்துக்கும் அந்தக் கிருமிக்கும் வெகுதூரம். எத்தனையோ பாக்டீரியாக்கள் அரை மணி நேரத்துக்குள் இரண்டாகப் பெருகிவிடும்போது, காசநோய்க் கிருமி ஒருமுறை பிரிவதற்கே ஏறத்தாழ 15 முதல் 20 மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. திட ஊடகத்தில் வளர்த்துப் பார்க்க வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இங்கே ‘ஃபாஸ்ட்’ என்பது சாயத்தின் கெட்டித்தன்மையையே குறிக்கிறது. கண்ணாடித் தகட்டில் சளியைப் பரப்பி, கார்பால் ஃபுக்ஸின் என்ற சிவப்புச் சாயத்தை ஊற்றிச் சூடாக்கி, பிறகு அமிலத்தால் கழுவினால் மற்ற பெரும்பாலான கிருமிகள் நிறத்தை விட்டுவிடும். மெழுகு போன்ற கொழுப்பமிலங்களாலான உறை கொண்ட காசநோய்க் கிருமியோ சிவப்பை விடாது. அதன்மேல் மெத்திலீன் நீலத்தை ஊற்றினாலும், நீலப் பின்னணியில் அது சிவப்புக் குச்சிகளாகவே தெரியும். ராபர்ட் காக் இந்தக் கிருமியைக் கண்டறிந்ததாக அறிவித்த 1882 ஆம் ஆண்டிலேயே, அமிலத்துக்கும் அசையாத அதன் இந்த இயல்பைப் பால் எர்லிக் என்ற ஜெர்மன் அறிவியலாளர் கண்டுகொண்டார்.

ஆக, திருப்பூர் பையர் கேட்டதும் எங்கள் மைக்ராஸ்கோப்பின் கீழ் நாங்கள் தேடுவதும் ஒரே கேள்விதான்: கழுவினால் சாயம் போகுமா, நிற்குமா?

கோயம்புத்தூர் பீளமேட்டிலிருந்து, தொழிற்பயிற்சி நிலைய ஆசிரியர்:

ஒவ்வொரு இயந்திரத்துக்கும் தனி மோட்டார் வருவதற்கு முன்னால், பட்டறையின் கூரையை ஒட்டி ஓடும் ஒரே நீண்ட ஷாஃப்டிலிருந்து பெல்ட் வழியாகத்தான் எல்லா இயந்திரங்களும் சுழன்றன. அந்த அமைப்பில் இயந்திரத்தின் ஷாஃப்டில் ‘ஃபாஸ்ட் புல்லி’, ‘லூஸ் புல்லி’ என்று இரண்டு கப்பிகள் அருகருகே இருக்கும். எது அதிக வேகத்தில் சுற்றும் என்று மாணவர்களைக் கேட்டால், வகுப்பே ஒரே குரலில் ஃபாஸ்ட் புல்லி என்கிறது. இரண்டுக்கும் விட்டம் ஏறத்தாழ ஒன்றே. சாவி என்ற சிறு உலோக ஆப்பை அடித்து ஷாஃப்டோடு இறுக்கப்பட்டது ஃபாஸ்ட் புல்லி. ஷாஃப்டின் மேல் தன்போக்கில் சுழல்வது லூஸ் புல்லி. பெல்ட்டை லூஸ் புல்லிக்குத் தள்ளினால் இயந்திரம் நின்றுவிடும், ஃபாஸ்ட் புல்லிக்குத் தள்ளினால் ஓடத் தொடங்கும். பாடப்புத்தகத் தமிழில் ‘நிலைக்கப்பி’ என்று எழுதிப் பார்த்தேன். ‘இறுகின கப்பி’ என்று சொன்னபோதுதான் மாணவர்களின் முகம் தெளிந்தது.

கோபிசெட்டிபாளையத்திலிருந்து, ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை:

நால்வரும் எழுதியதைப் படித்து மனம் நிறைந்தது. வகுப்பறையில் நான் பல ஆண்டுகள் கரும்பலகையில் எழுதிச் சொன்னதைவிட இவை தெளிவாக இருக்கின்றன. ஆனால் ஒரு கேள்வி மீதம் இருக்கிறது. அசையாமல் நிற்பதைக் குறித்த சொல் எப்படி விரைந்து ஓடுவதைக் குறிக்க வந்தது?

ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில் இச்சொல்லுக்கு உறுதியான, அசையாத என்பதே பொருள். இறுக்கிப் பூட்டுதலைக் குறிக்கும் ‘ஃபாஸன்’ என்ற வினையும், மனவுறுதியைக் குறிக்கும் ‘ஸ்டெட்ஃபாஸ்ட்’ என்ற சொல்லும் அந்தப் பொருளிலேயே இன்றும் இருக்கின்றன. உறுதியாக, விடாப்பிடியாக ஓடுவதைச் சொல்லப் பயன்பட்ட வினையடை, காலப்போக்கில் அந்த ஓட்டத்தின் விரைவையே குறிக்கத் தொடங்கியது. நம் பிள்ளைகளுக்கு இது விளங்காத செய்தி அல்ல. பேருந்து ‘வேகம் பிடித்தது’ என்கிறோம். மழை ‘பிடித்துக்கொண்டது’ என்கிறோம். பிடிப்பையும் விரைவையும் தமிழும் அருகருகே வைத்திருக்கிறது. உண்ணாநோன்பைக் குறிக்கும் ‘ஃபாஸ்ட்’ என்ற பெயர்ச்சொல்லும் அதே வேரிலிருந்து வந்தது. நாமும் நோன்பு ‘பிடிக்கிறோம்’.

இதைத் தெரிந்துகொண்டபின் மாணவர்கள் செய்யும் தவறு வேறொன்று. கெட்டியான எல்லாவற்றையும் ‘ஃபாஸ்ட்’ என்று எழுதத் தொடங்குகிறார்கள். உறுதியான மேசையை ‘ஃபாஸ்ட் டேபிள்’ என்று ஆங்கிலேயர் சொல்வதில்லை. இந்தப் பழைய பொருள் சில கூட்டுகளில் மட்டுமே உயிரோடிருக்கிறது: விட்டுப் பிரியாத நண்பர்கள் ‘ஃபாஸ்ட் ஃப்ரெண்ட்ஸ்’, சேற்றில் அசையாமல் சிக்கிய வண்டி ‘ஸ்டக் ஃபாஸ்ட்’, அசைக்க முடியாத விதி ‘ஹார்ட் அண்ட் ஃபாஸ்ட் ரூல்’. அயர்ந்து உறங்குவது ‘ஃபாஸ்ட் அஸ்லீப்’. அதைப் படுத்தவுடன் உறங்கிவிடுவது என்று எழுதிய விடைத்தாள்களை நான் எத்தனையோ திருத்தியிருக்கிறேன். இவற்றைக் கூட்டாகவே மனப்பாடம் செய்ய வேண்டும், வேறு வழியில்லை.

வேகத்தைக் குறிக்கும்போதும் கவனம் வேண்டும். ஓடும் பொருளின் விரைவுக்கு ‘ஃபாஸ்ட்’ பொருந்தும்; குறைந்த நேரத்தில் முடிந்துவிடும் செயலுக்கு ‘குயிக்’ பொருந்தும். கார் ஃபாஸ்ட், பதில் குயிக். மேலும் ‘ஃபாஸ்ட்லி’ என்று எழுத வேண்டாம் என்று உங்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். பெயரடையாகவும் வினையடையாகவும் ‘ஃபாஸ்ட்’ ஒன்றே நிற்கும்.

ஈரோட்டிலிருந்து, போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்:

அம்மா, ஒரு சந்தேகம். அதிகாலை ரயிலைத் தவறவிடக் கூடாது என்று எங்கள் அப்பா சுவர்க் கடிகாரத்தைப் பத்து நிமிடம் முன்னால் தள்ளி வைத்திருக்கிறார். முள் சரியான வேகத்தில்தான் ஓடுகிறது. மாதிரித் தேர்வில் இத்தகைய கடிகாரத்தை ‘ஃபாஸ்ட்’ என்று சொல்வது தவறு என்று குறித்தேன். என் விடை தவறு என்றார்கள்.

கோபிசெட்டிபாளையம் ஆசிரியை:

தம்பி, அவர்கள் சொன்னது சரியே. கடிகாரத்தைப் பற்றிச் சொல்லும்போது ‘ஃபாஸ்ட்’ என்பது அது காட்டும் நேரம் உண்மையான நேரத்தைவிட முன்னால் இருக்கும் நிலையைக் குறிக்கும். முள் விரைந்து ஓடி முன்னேறியிருந்தாலும், உங்கள் அப்பா கையால் தள்ளி வைத்திருந்தாலும், ‘டென் மினிட்ஸ் ஃபாஸ்ட்’ என்றே சொல்ல வேண்டும்.

திருப்பூரிலிருந்து, முதலில் எழுதியவர்:

எழுதிய அனைவருக்கும் நன்றி. அந்த ஆர்டரின் முடிவைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். முதல் மாதிரி, நனைத்துத் தேய்த்த சோதனையில் 2 மட்டுமே பெற்றது. கறையின் அளவை மதிப்பிடும் கிரே ஸ்கேலில் 5 என்பது கறையே இல்லாத நிலை, 1 என்பது மிக மோசமான நிலை. மாஸ்டர் நூலை மறுபடியும் சோப்பிங்குக்கு அனுப்பினார்; இரண்டாவது முறை 3-4 வந்தது. அந்த அறிக்கையை இணைத்து, ‘த கலர்ஸ் ஆர் ஃபாஸ்ட்’ என்று பையருக்கு எழுதினேன். கூடுதலாக நான்கு நாட்கள் வேண்டும் என்பதை அதற்கு அடுத்த வரியில் தனியாகக் கேட்டேன், கொடுத்தார்கள்.