சிக்னலும் கியூவும்: இரண்டுக்கும் இரண்டு சொல் வேண்டும்

குழுவினருக்கு வணக்கம்.

இளநிலை விலங்கியல் மாணவர்களுக்கான நூலொன்றில் விலங்குகளின் ஒலித்தொடர்பு பற்றிய இயலை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். இயல் முழுவதும் இரண்டு சொற்களின் மேல் நிற்கிறது. பெறுபவரின் நடத்தையை மாற்றுகிறது என்பதாலேயே படிமலர்ச்சியில் உருவாகி நிலைத்தது சிக்னல். அப்படித் தெரிவிப்பதற்கென்று உருவாகாமல், பிறர் தமக்குப் பயன்படுத்திக்கொள்வது கியூ (cue). நாம் விடும் மூச்சின் கரியமில வாயுவை மோப்பம் பிடித்துக் கொசு வருகிறது. அதை நாம் கொசுவுக்கு அனுப்பிய செய்தி என்று யாரும் சொல்லமாட்டோம். ஆனால் கென்யாவின் அம்போசெலியில் வெர்வெட் குரங்குகள் சிறுத்தைக்கும் கழுகுக்கும் பாம்புக்கும் வெவ்வேறு குரல் எழுப்புகின்றன. சேஃபார்த், செனி, மார்லர் ஆகியோர் 1980இல் வெளியிட்ட ஆய்வில், பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டபோதே குரங்குகள் முறையே மரமேறின, மேலே பார்த்தன, தரையைக் குனிந்து தேடின. இது சிக்னல்.

எனக்கு முன் இந்நூலைத் தொட்டவர் இரண்டுக்கும் 'குறிப்பு' என்று எழுதிவிட்டார். கியூவை அப்படியே விட்டால் மாணவர் ரேஷன் கடை வரிசையை நினைப்பார்கள். உதவுங்கள்.

*

அன்புடையீர்,

'குறிப்பு' ஆகாது என்பதற்கு வள்ளுவரே சாட்சி. குறிப்பறிதல் என்ற ஒரே தலைப்பை அவர் இரண்டு அதிகாரங்களுக்கு வைத்தார். 71ஆம் அதிகாரத்தில் அமைச்சன் அரசனின் முகத்தைப் படிக்கிறான். 'கடுத்தது காட்டும் முகம்' அரசன் வேண்டிக் காட்டியதன்று. 110ஆம் அதிகாரத்திலோ தலைவியின் ஒரு நோக்கு நோய், மற்றொன்று மருந்து. இரண்டும் அவள் அனுப்பியவை. முன்னது உங்கள் கியூ, பின்னது சிக்னல்.

சிக்னலுக்கு 'விளி' என்பேன். எட்டாம் வேற்றுமையாக நம் இலக்கணத்திலேயே இருக்கும் சொல். கியூவுக்குப் 'புள்'. பறவையின் பெயரே நிமித்தத்துக்கும் ஆகிவந்தது. தொல்காப்பியப் புறத்திணையியலின் 'பாக்கத்து விரிச்சி'யும் இவ்வகையே. யாரோ யாருக்கோ சொன்ன சொல்லைப் போருக்குப் புறப்படுபவன் தனக்கென்று எடுத்துக்கொள்கிறான். பல்லி தன் இனத்துக்குச் சொல்கிறது; காத்திருக்கும் தலைவி அதைத் தன் தலைவனின் வரவாகக் கேட்கிறாள். இதைவிடத் துல்லியமான விளக்கம் உங்கள் நூலில் இருக்கிறதா?

*

ஐயா, பல்லியை நாளைக்கே வகுப்பில் சொல்லப்போகிறேன். ஆனால் குறளில் ஒரு திருத்தம் தேவை. வேண்டிக் காட்டுவதா இல்லையா என்பது அளவுகோல் அன்று. தவளைக்கு என்ன எண்ணம் என்று நமக்கு எப்படித் தெரியும்? அந்த வெளிப்பாடு எதனால் நிலைபெற்றது என்பதே கேள்வி. அவ்வாறு பார்த்தால் சினந்த முகமும் சிக்னலாகலாம்.

பனாமாவின் டுங்காரா தவளையை எடுத்துக்கொள்ளுங்கள். குட்டையில் மிதக்கும் ஆண் முதலில் ஓர் இழுவொலி எழுப்பும். போட்டி இருந்தால் அதன் முடிவில் 'சக்' என்று ஒரு வெட்டொலியைக் கொசுறாகச் சேர்க்கும். பெண்ணுக்குக் கொசுறு பிடிக்கும். தவளை தின்னும் வௌவாலுக்கும் பிடிக்கும். மைக்கேல் ரயனும் உடனாய்வாளர்களும் காட்டியபடி, ஒரே ஒலி பெண்ணுக்குச் சிக்னல், வௌவாலுக்குக் கியூ. மேலே நிழலாடினால் ஆண் சட்டென்று வாயடைத்துவிடும். ஆனால் குரல்பை உப்பி எழுப்பிய நீர்வளையங்கள் இன்னும் சில நொடிகள் விரிந்துகொண்டிருக்கும். வௌவால் அந்த வளையங்களையும் கண்டுகொள்கிறது. 'புள்' என்று இதற்கு எழுதினால் எந்த மாணவருக்குப் புரியும்?

'விளி'யும் ஒலிக்கு மட்டுமே பொருந்தும். மின்மினியின் ஒளியும், நண்டு கொடுக்கை உயர்த்தி ஆட்டுவதும் சிக்னல்களே. என் முன்மொழிவு: சமிக்ஞை, துப்பு.

*

அம்மையாருக்கு,

விளிதல் என்றால் சாதல் என்றும் பொருள் உண்டு. 'விளிந்தாரின் வேறல்லர்' என்பது குறள். விளித்தமையால் விளியும் தவளைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் தமிழில் கிடையாது. 'துப்பு' மட்டும் என்ன தெளிவு? 'துப்பார்க்குத் துப்பாய' என்ற இடத்தில் அது உணவு; வேறிடங்களில் வலிமை, பவளம். சமிக்ஞையிலோ ககர மெய்யை அடுத்து ஞகரம் நிற்கிறது. க, ச, த, ப ஆகிய மெய்கள் தம்மோடன்றிப் பிறிதோடு மயங்கா என்பது பள்ளியில் படித்ததுதானே?

*

அனைவருக்கும் நன்றி. 'துப்புத் துலக்குதல்' தெரியாத மாணவர் இல்லை என்பதால் துப்பு நிற்கட்டும். சமிக்ஞையை ஐவர் ஏற்றிருக்கிறார்கள், அவர்களில் மூவர் வேறு வழியில்லை என்ற குறிப்போடு. இலங்கை நண்பர் தம் ஊர்ச் சாலை விளக்கே அந்தப் பெயரில்தான் எரிகிறது என்கிறார். அதையே வைத்துக்கொள்கிறேன். ஒலிச் சமிக்ஞை வரும் இடங்களில் மட்டும் 'விளி'யை ஆள்வேன். தவளைப் பத்திக்கு அது நன்றாகவே பொருந்துகிறது.

*

என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். விடைத்தாளில் பாதிப் பேர் 'சமிக்கை' என்றே எழுதுவார்கள், ஏனென்றால் தமிழ் நாக்கு க்-ஐயும் ஞ-வையும் சேர்ந்து நிற்க விடாது. அதற்கு மதிப்பெண் குறைக்க வேண்டாம் என்று முன்னுரையில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.