சென்னை – சிங்கப்பூர்: போவதற்கு ஏழு மணி நேரம், திரும்புவதற்கு ஒன்றே முக்கால் மணி நேரமா?

கேள்வி:
வரும் ஆடி மாதம் என் தாயாரைச் சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு அழைத்துச் செல்கிறேன். பயணச்சீட்டில் இரவு 11.15-க்குப் புறப்பட்டு மறுநாள் காலை 6.05-க்குச் சேரும் என்றும், திரும்பும்போது இரவு 8.00-க்குப் புறப்பட்டு 9.40-க்கே சென்னையில் இறங்கிவிடும் என்றும் போட்டிருக்கிறது. தொலைவு ஒன்றுதானே, பிறகு ஏன் இந்த வேறுபாடு? அம்மாவுக்குக் கண் நீர் அழுத்த நோய் இருப்பதால் காலை 7 மணிக்கும் இரவு 7 மணிக்கும் சொட்டு மருந்து விட்டாக வேண்டும். அதனால்தான் உண்மையான பயண நேரத்தைக் கேட்கிறேன்.

மறுமொழி 1:
பயணச்சீட்டில் இருப்பவை அந்தந்த ஊர் நேரங்கள். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னே இருப்பதால், போகும்போது அதைக் கழித்தும் வரும்போது கூட்டியும் பாருங்கள்: போக 4 மணி 20 நிமிடம், வர 4 மணி 10 நிமிடம். நேர்த்தொலைவு ஏறத்தாழ 2,900 கி.மீ.; வங்கக் கடலைக் கடந்து, சுமத்ராவின் வடமுனைக்கு அருகே சென்று, மலாக்கா நீரிணையை ஒட்டிப் போகும் வழி. மணிக்கு 840 கி.மீ. வேகம் என்று வகுத்தால் மூன்றரை மணி நேரம்கூட வராது. ஆனால் சீட்டின் கணக்கு, விமானம் இங்கே நின்ற இடத்தைவிட்டு நகர்வதில் தொடங்கி அங்கே போய் நிற்பதில்தான் முடிகிறது என்பதால், ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும், மேலேறுவதும், சாங்கியில் இறங்க முறைக்குக் காத்திருப்பதும் அதில் அடக்கம்.

மறுமொழி 2:
அந்தப் பத்து நிமிட வேறுபாட்டில் காற்றுக்கும் பங்கு உண்டு. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் தென்னிந்தியாவின் மேல், விமானங்கள் பறக்கும் உயரத்திலும் அதற்கு மேலும், கிழக்கிலிருந்து மேற்காக வலுவான காற்று வீசும். ஆடியில் போகும்போது அது எதிர்க்காற்று, திரும்பும்போது பின்காற்று.
இன்னொன்றையும் சொல்ல ஆசை. சூரியனை வைத்துப் பார்த்தால் இரு ஊர்களுக்கும் ஏறக்குறைய 1 மணி 35 நிமிட இடைவெளிதான். 1981 முடியும்வரை கடிகார வேறுபாடு இரண்டு மணி நேரமாக இருந்தது. 1982 தொடக்கத்தில் சிங்கப்பூர் தன் கடிகாரத்தை அரை மணி முன்னே நகர்த்தியதால் அது இரண்டரை ஆயிற்று.

மறுமொழி 3:
மருந்தைப் பற்றிச் சொல்கிறேன், அம்மா சம்பந்தப்பட்டது அல்லவா. நம் 7 மணி என்பது அங்கே 9.30. போகும் நாளில் இரவுச் சொட்டை வீட்டிலேயே விட்டுவிடலாம். மறுநாள் காலைச் சொட்டு, இறங்கி மூன்றரை மணி நேரம் கழித்துத்தான். திரும்பும் நாளில்தான் கவனம் வேண்டும்: இரவு 8 மணிக்குப் புறப்படும் விமானத்தில் ஒன்றரை மணி நேரம் கழிந்தபோது, நடுவானில், சொட்டு விடும் நேரம் வந்துவிடும். ஆகவே புட்டியைச் சரக்குப் பெட்டியில் போட்டுவிடாதீர்கள். 100 மி.லி. வரம்புக்குள் அடங்கும் சிறு புட்டிதான், கைப்பையில் வைத்துக்கொள்ளலாம். மருத்துவரின் சீட்டும் உடன் இருக்கட்டும். அங்கே பல நாள் தங்குவதானால், நேரத்தை மாற்றலாமா என்று கண் மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

கேட்டவர்:
மூவருக்கும் மிக்க நன்றி. திரும்பும் விமானத்தில் சொட்டு நேரம் வருமென்று நான் நினைத்தே பார்க்கவில்லை. அம்மாவின் கைக்கடிகாரத்தை நம் நேரத்திலேயே விட்டுவைக்கப் போகிறேன்.