அவன் அட்டையைத் தேய்த்து உள்ளே போனவன் நான்

கரிசல்காரன்:
அமெரிக்காவில் எம்.எஸ். படித்தபோது நடந்தது. பரீட்சை வாரம், நள்ளிரவு தாண்டிவிட்டது, நூலகம். நானும் ப்ராஜெக்ட் கூட்டாளியும் ஒரே மேசையில். அவன் கறுப்பினத்தவன், அட்லாண்டா பையன். செக்யூரிட்டி நேரே அவனிடம் வந்து ஐடி கேட்டார். கொடுத்தான். படத்தைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். என் ஐடி அறையிலேயே கிடந்தது. அவன் அட்டையைத் தேய்த்துத்தான் நானே உள்ளே நுழைந்திருந்தேன்! என் பக்கம் அவர் திரும்பவே இல்லை. அவர் போனதும் அட்டையைப் பைக்குள் வைக்காமல், படம் தெரிகிற மாதிரி மடிக்கணினி ஓரத்தில் வைத்துவிட்டு, "மூன்றாவது கணக்கு எங்கே விட்டோம்?" என்றான். விடியும்வரை அது அங்கேயே இருந்தது.

டெக்சாஸ் மாமா:
ராத்திரி ஐடி கேட்பது சாதாரண விதி. அதற்குப்போய் இனச்சாயம் பூசுகிறோம். 2009-ல் ஒரு கடையில் என் பையையும் சோதித்தார்கள், காட்டினேன், வந்துவிட்டேன். புதிதாகப் போகும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். ஐடியைக் கழுத்தில் மாட்டுங்கள். பாஸ்போர்ட், ஐ-20 (மாணவர் விசாவுக்குக் கல்லூரி தரும் படிவம்) நகல் ஃபோனில் இருக்கட்டும். கடைக்குள் ஹூடியைத் தலையில் போடாதீர்கள். போலீஸார் உங்கள் காரை நிறுத்தினால் இரண்டு கையும் ஸ்டியரிங் மேல், தானாக எதையும் குனிந்து எடுக்காதீர்கள், பேச்சில் 'சார்' விடக்கூடாது. பில்லைத் தூக்கி எறியாதீர்கள். முக்கியமாக, வாக்குவாதம் வேண்டாம்.

கரிசல்காரன்:
மாமா, விதி என்றால் அட்டை இல்லாத என்னைத்தானே பிடித்திருக்க வேண்டும்?

தேன்மொழி:
ராத்திரி பதினொரு மணிக்கு மேல் ஐடி காட்ட வேண்டும் என்ற விதி நியூயார்க்கில் பர்னார்ட் கல்லூரியிலும் இருந்தது. 2019 ஏப்ரலில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கறுப்பின மாணவர் ஒருவரைக் காவலர்கள் அங்கே காபிக் கடை மேடைமேல் சாய்த்து அழுத்திப் பிடித்தார்கள். அவரிடம் ஐடி இருந்தது. பக்கத்திலிருந்தவர்கள் வீடியோ எடுத்தார்கள். கழுத்தில் மாட்டியிருந்தால் சரியாகியிருக்குமா மாமா?

ஓசூர் பையன்:
அமெரிக்கா இருக்கட்டும். 2016 ஜனவரி கடைசியில் பெங்களூரு சோலதேவனஹள்ளி பக்கம் சூடான் மாணவர் ஒருவரின் கார் மோதி ஒரு பெண் இறந்தார். கொஞ்ச நேரம் கழித்து அந்த வழியே காரில் வந்த தான்சானியா மாணவியைக் கூட்டம் அடித்தது, காரைக் கொளுத்தியது. அவருக்கும் விபத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, நாடுகூட வேறு. அந்த வாரம் என் வகுப்பு நண்பனோடு பஸ்ஸில் போனேன், அவன் கானாக்காரன். ஒரு பெரியவர் கண்டக்டரிடம், "அவன் டிக்கெட் எடுத்தானா பாருங்கள்" என்றார். பாஸைக் காட்டினான். அவன் பக்கத்து சீட் காலி, ஆனால் பஸ்ஸில் பத்துப் பேர் நின்றோம். ஆமாம், நானும்தான். இரண்டு ஸ்டாப் தாண்டித்தான் போய் உட்கார்ந்தேன்.

டெக்சாஸ் மாமா:
தம்பி, அந்த நேரத்தில் நீங்கள் பஸ்ஸில் போயிருக்கவே கூடாது. ஆட்டோ பிடித்திருக்கலாம்.